கடியாத கொசு

மார்கழித் திருவாதிரைக்கு முந்திய வாரம். வருண பகவான் இவ்வருஷம் தாராளமாகவே இருந்தபடியால், ஆவுடையார்கோவில் வட்டாரத்துக் கண்மாய்களும் ஊருணிகளும் ததும்பிக்கொண்டிருந்தன. சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு நாம் வீடு திரும்புகையில், ஊருணிக் கரையில் பத்துப் பதினைந்து பேர் கூடி நிற்கக் கண்டோம். அவர்களுடைய தலைக்கு மேலே வேறொரு கூட்டம். அது பூச்சிகளின் கூட்டம். ஆள் உயரத்துப் புகைத் தூணைப்போல் எழும்புவதும் தாழ்வதுமாக ஒரே ரீங்காரம்.

கரையில் ஒரு பீப்பாய் இருந்தது. லாரிப் பட்டறைக் கழிவு எண்ணெய். அன்று காலை ஓர் அம்மாள் முகந்த குடத்தில் இரத்தச் சிவப்பாகப் புழுக்கள் நெளிந்தனவாம்; மாலையில் இந்தப் படை வந்துவிட்டது. இரண்டையும் கூட்டிப் பார்த்து, டெங்குக் காய்ச்சல் வாசலில் நிற்கிறதென்று ஊரார் தீர்மானித்துவிட்டார்கள். ஒரு பீப்பாய் எண்ணெயை ஊற்றினால் தீர்ந்தது என்பது யோசனை.

“நீங்க என்ன சொல்றீங்க, வாத்தியாரய்யா?” என்று கேட்டார் பெரியவர் ஒருவர்.

கூட்டிப் பார்த்தது சரிதான். அந்தப் புழுதான் இந்தப் பூச்சியின் குழந்தை. ஆனால் பூச்சி கொசுவன்று. ஒன்றைப் பிடித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினோம். கொசு உட்காரும்போது பின்னங்கால்களைத் தூக்கிக்கொள்ளும். இது முன்னங்கால்களை உயர்த்தி ஆட்டுகிறது. கொசுவுக்கு உள்ள ஊசி மூக்கு இதற்கு இல்லை. விஞ்ஞானிகள் இதற்குக் கைரோனமஸ் என்று பெயரிட்டிருக்கிறார்கள்; கையால் அபிநயம் செய்கிறவன் என்று அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பொருள். மேலே ஆடும் கூட்டத்தில் பெரும்பாலும் ஆண்களே. இறகுக் குஞ்சம் போன்ற உணர்கொம்பு அவற்றுக்குக் காது. பெண்ணின் சிறகோசையைக் கேட்பதற்காகவே இத்தனை ஆட்டமும். ஒரு மரக்கிளையோ, மனிதர் தலையோ, ஏதாவதோர் அடையாளத்துக்கு மேல்தான் கூடும். பெரியவரைச் சற்று நகரச் சொன்னோம்; தூணும் கூடவே நகர்ந்தது. சிரிப்பு எழுந்த பிறகு பேச்சு சுலபமாயிற்று.

சிறகு முளைத்தபின் இதன் ஆயுள் சில நாட்கள்தாம். பெரும்பாலும் ஆகாரமும் கிடையாது. நம் ஊர் ஆத்மநாத சுவாமிக்குப் புழுங்கலரிசி அன்னத்தின் ஆவியே நிவேதனம். இந்தப் பூச்சிக்கு அந்த ஆவியும் வேண்டியதில்லை! புழுவாக இருந்தபோது தின்றதே மூலதனம்.

பெண் பூச்சி ஜலத்தின் ஓரத்தில் பிசின் போன்ற சரமாக நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகிறது. பொரித்த குஞ்சு சில நாள் மிதந்து திரிந்து, அடிச் சேற்றில் இறங்கி, தன் எச்சில் நூலால் மண்ணைப் பிணைத்துக் குழாய் கட்டிக் குடியேறுகிறது. அழுகிய இலையும் பாசித் துணுக்கும் உணவு. அந்தச் சேற்றில் பிராணவாயு மிகக் குறைவு. பூச்சி இனத்தில் பெரும்பாலானவற்றுக்கு இரத்தம் நிறமற்றது. இதற்கோ நம்மைப்போலவே ஹீமோகுளோபின் உண்டு. அதனால்தான் அந்தச் சிவப்பு. உடலை நெளித்துக் குழாய்க்குள் ஜலத்தை இழுத்து, கிடைத்த கொஞ்சப் பிராணவாயுவையும் பற்றிக்கொள்கிறது. பிறகு கூட்டுப்புழுவாகி மேலே மிதந்து வந்து, தோல் வெடித்துப் பறந்துவிடுகிறது. நம் உஷ்ணத்துக்கு எல்லாம் சில வாரங்களில் முடிந்துவிடும்.

இப்போது பீப்பாய்க்கு வருவோம். கொசுப் புழு மேல்மட்டத்தில் தொங்கிக் காற்றை உறிஞ்சுவது. எண்ணெய்ப் படலம் அதன் மூச்சை அடைக்கும். சிவப்புப் புழுவோ அடியில் இருக்கிறது, தோலாலேயே சுவாசிக்கிறது. எண்ணெய் ஊற்றினால் முதலில் திணறுவது கெண்டையும் கெளுத்தியும். மூச்சுக் குறைந்த சேற்றில் வாழத் தெரிந்த புழுவில் ஒரு பகுதியாவது தப்பும். அதைத் தின்ன மீன் மட்டும் இராது! மீன் குஞ்சுக்கு இந்தப் புழுவைப்போல் தீனி வேறில்லை. சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் காசு கொடுத்து வாங்குகிறார்களே, அது இதுதான்.

“கோடையில் ஊருணி வற்றினால் இதெல்லாம் செத்துப் போகுமா, சார்?” என்றான் நம் வகுப்புப் பையன் ஒருவன். பெரும்பாலானவை சாகும்; நீருள்ள இடத்திலிருந்து பறந்து வருபவை மறுபடி முட்டையிடும். ஆனால் ஆப்பிரிக்காவில் நைஜீரியாவின் பாறைக் குழிகளில் இதற்கு ஒரு பங்காளி உண்டு. 1951-ல் ஹின்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி அதைப் பற்றி எழுதினார். குழி வற்றினால் அந்தப் புழுவும் சருகாய் உலர்ந்துவிடும். உடலில் நூற்றுக்கு மூன்று பங்கு ஈரமே மிஞ்சும். டிரெஹலோஸ் என்னும் சர்க்கரையைச் சேர்த்து உயிரணுக்களைக் காத்துக்கொள்கிறது. பதினேழு வருஷம் காய்ந்து கிடந்தது, ஜலம் பட்டதும் உயிர்த்ததாம். பையன் நம்மைச் சந்தேகத்தோடு பார்த்தான்.

பூச்சியின் கட்சிக்கே வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். இவை கூட்டமாய் மடிந்து தூளாகிக் காற்றில் கலந்தால் சிலருக்கு ஆஸ்துமா வரும். ஸூடான் தேசத்தில் நைல் நதிக் கரையில் கண்ட அநுபவம். இவற்றின் முட்டைச் சரத்தில் காலராக் கிருமி தங்குவதை 2001-ல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். ஆகவே சாயங்காலம் விளக்கேற்றியதும் ஜன்னலுக்கு வலை போடுவது நல்லது. ஊருணி ஜலத்தை வடிகட்டி, கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். புழு மனிதர் வயிற்றில் வளருவதில்லை.

டெங்குக் கொசு ஊருணியை நாடுவதில்லை. தொட்டி, சிரட்டை, உடைந்த பானை இவற்றில் தேங்கிய ஜலமே அதற்குப் பிரியம் என்றும் சொன்னோம். பீப்பாய் வந்த வண்டியிலேயே திரும்பிற்று.

மறுநாள் பையன்கள் வீடு வீடாகச் சோதனைக்குக் கிளம்பினார்கள். மத்தியானத்துக்குள், தலைகீழாகத் தொங்கும் அசல் கொசுப் புழுக்களைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து நம் மேஜைமேல் வைத்தான் அந்தச் சந்தேகப் பிராணி.

“எங்கேயடா கிடைத்தது?”

“உங்கள் வீட்டுக் கொல்லையிலே சார், பழைய ஆட்டுக்கல்லிலே.”