பாஷை தெரியாத ஊரில் ஒரு துண்டுச்சீட்டு

அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் அடிக்கடி பார்க்கலாம்: ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வேலைக்கு வந்த ஒரு பையன், கம்பெனி முகவரியைத் தமிழில் எழுதிய சீட்டை நீட்டுவான். கண்டக்டர் படித்துப் பார்த்து, இறங்க வேண்டிய இடத்தைச் சொல்வார்.

மகளின் பிரசவத்துக்காக ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ கிளம்பும் ஆவடி, பூந்தமல்லி அம்மாக்களுக்கும் அதே சீட்டுதான் துணை. மகள் வீட்டு முகவரியை அந்த ஊர் எழுத்தில் எழுதி வாங்கி, அவள் போன் நம்பரோடு கைப்பையில் வையுங்கள். மொபைலில் சார்ஜ் தீர்ந்தாலும் கைகொடுக்கும். மொழிபெயர்ப்பு ஆப்பில் அந்த மொழியை இங்கேயே டவுன்லோடு செய்துவிட்டால், நெட் இல்லாமலும் வேலை செய்யும்.

மாத்திரை விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 'டோலோ' என்று கேட்டால் அங்கே புரியாது. ஜெர்மனியில் பாராசிட்டமால், ஜப்பானில் அசிட்டமினோஃபென் என்று கேட்க வேண்டும். சர்க்கரை, பி.பி. மாத்திரைகளின் மருந்துப் பெயர், அளவு, அலர்ஜி விவரம் எல்லாவற்றையும் டாக்டரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்கு நம்ம ஊர் 108 அங்கே உதவாது. ஜெர்மனியில் 112, ஜப்பானில் 119.

ஊர் திரும்பிய பிறகு, எஸ்டேட் ஸ்டாப்பில் யாராவது சீட்டை நீட்டினால், ஒரு நிமிஷம் நின்று வழி சொல்லுங்கள்.