வீழ்ந்த பங்குகள்: வைத்திருப்பதா, விற்பதா, வாங்குவதா?

கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2025ஆம் ஆண்டில் 20,000 புள்ளிகளைக் கடந்தது. மத்திய வைப்புத் திட்டத்தில் கணக்கொன்றைக் கைத்தொலைபேசி மூலமே திறக்கும் வசதி 2020ஆம் ஆண்டு ஏற்பட்டதன் பின்னர், பங்குச் சந்தை கொழும்புக் கோட்டைக்கு மட்டும் உரிய விடயமாக இல்லை. டயகமவில் பிறந்து தலைநகரில் தொழில் புரியும் இளைஞரும், ஹற்றன் நகரில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வர்த்தகரும் இன்று அச்சந்தையில் பங்கு வாங்க முடியும். ஆயினும் சுட்டெண் உயரும்போது எல்லாப் பங்குகளும் உயர்ந்துவிடுவதில்லை. வாங்கிய விலைக்குக் கீழே ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடக்கும் சிறிய கம்பனிகளின் பங்குகளை வைத்திருப்பதா, விற்பதா, விலை மலிந்திருக்கிறது என்று மேலும் வாங்குவதா என்ற வினாவே பலரையும் அலைக்கழிக்கிறது.

மலையகத்துக்கு இவ்வினா புதியதன்று. இந்நாட்டில் 1896ஆம் ஆண்டு பங்குத் தரகர் சங்கம் தோன்றியதே பெருந்தோட்டங்களுக்கு மூலதனம் திரட்டும் தேவையினால்தான். 1975ஆம் ஆண்டு அரசுடைமையாக்கப்பட்ட கம்பனித் தோட்டங்கள், 1992ஆம் ஆண்டு இருபதுக்கும் மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாக வகுக்கப்பட்டுத் தனியார் முகாமைத்துவத்திடம் ஒப்படைக்கப்பட்டன. 1995ஆம் ஆண்டு முதல் அக்கம்பனிகளின் 51 வீதப் பங்குகள் தனியாருக்கு விற்கப்பட்டபோது, 10 வீதம் ஊழியர்களுக்கு இலவசமாக வழங்குவதென்பது அத்திட்டத்தின் ஓர் அங்கமாக இருந்தது. கொழுந்து பறித்தவர்கள் சட்டத்தின் கண்ணில் பங்குதாரர்களாகவும் ஆனார்கள். ஆனால் அப்பங்கு எதற்கு உரியது, அதன் விலையை எங்கே அறிவது, எப்போது விற்பது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல எவரும் பெரிதாக முன்வரவில்லை. கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டவர்களும் உண்டு. பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு மறந்தவர்களும் உண்டு. இவ்விரண்டுமே ஆராய்ந்து எடுத்த முடிவுகள் அல்ல.

முடிவெடுக்க முற்படுவோர் முதலில் மறக்க வேண்டியது தாம் வாங்கிய விலையை. 40 ரூபாவுக்கு வாங்கிய பங்கு 20 ரூபாவுக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இழந்தது பாதி, ஆனால் பழைய நிலைக்கு வர அது இரட்டிப்பாக வேண்டும். "போட்ட பணம் திரும்பினால் விற்றுவிடலாம்" என்று காத்திருப்பவர் ஒன்றை உணர்வதில்லை. அவர் 40 ரூபா கொடுத்தார் என்பது கம்பனிக்கும் தெரியாது, சந்தைக்கும் தெரியாது. இன்று கையில் அந்த 20 ரூபாவே இருந்தால் இதே பங்கை வாங்குவேனா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. வாங்குவேன் என்றால் வைத்திருக்கலாம். மாட்டேன் என்றால், வைத்திருப்பதற்குப் பழைய விலையின் நினைவைத் தவிர வேறு காரணமில்லை.

இரண்டாவது, பின்னடைவின் காரணத்தைப் பிரித்தறிவது. இதற்கு 2021, 2022ஆம் ஆண்டுகளின் தேயிலைத் துறையே சிறந்த பாடம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 251 மில்லியன் கிலோவாகச் சரிந்தது. ஆயினும் அதே 2022இல் டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை உயர்ந்ததால், கொழும்பு ஏலத்தில் தேயிலையின் ரூபா விலை ஏறத்தாழ இரு மடங்காகியது. விளைச்சல் குன்றிய ஆண்டிலேயே தோட்டக் கம்பனிகள் பலவற்றின் இலாபக் கணக்கு செழித்தது. அது மலையில் விளைந்த இலாபம் அன்று; நாணயத்தின் வீழ்ச்சியில் விளைந்தது. அதை நிரந்தரமென்று நம்பி வாங்கியவரும், உரத்தடையால் நேர்ந்த தற்காலிகச் சரிவைக் கண்டு அஞ்சி விற்றவரும் ஒரே தவறையே செய்தனர். துறை முழுவதையும் தாக்கும் காரணம் காலப்போக்கில் நீங்கலாம். கம்பனிக்கே உரிய நோய் தானாக நீங்குவதில்லை.

அந்நோயைக் கண்டறிய வழிகள் உண்டு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 220ஆம் பிரிவின்படி, ஒரு கம்பனியின் தேறிய சொத்துக்கள் அதன் கூறப்பட்ட மூலதனத்தின் அரைவாசிக்கும் கீழே வீழ்ந்தால், அது தெரியவந்து 20 வேலை நாட்களுக்குள் பணிப்பாளர் சபை பங்குதாரர்களின் விசேட பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு விடுக்க வேண்டும். அத்தகைய அழைப்புக் கிடைத்தால் அதைச் சாதாரணக் கடிதமாக ஒதுக்கிவிடலாகாது. கணக்காய்வாளர் கம்பனியின் நீடித்த இயக்கம் குறித்து ஐயம் தெரிவித்திருக்கிறாரா, பங்குச் சந்தை அதனைக் கண்காணிப்புப் பட்டியலில் இட்டிருக்கிறதா, உழைத்த பணம் மீள்நடுகைக்குச் செல்கிறதா அல்லது கடன் வட்டிக்கே போகிறதா என்பவை ஆண்டறிக்கையில் காணக் கிடைக்கும்.

முஸ்லிம் முதலீட்டாளர்கள் கடன் சுமையை மற்றொரு கோணத்திலும் நோக்குகின்றனர். பரவலாகப் பின்பற்றப்படும் இஸ்லாமிய நிதி நியமமொன்று, வட்டிக் கடன் கம்பனியின் சந்தைப் பெறுமதியில் 30 வீதத்தைத் தாண்டலாகாது என்கிறது. கடன் மாறாதிருக்கப் பங்கு விலை பாதியானால் இவ்விகிதம் இரட்டிப்பாகும். 20 வீதம் 40 வீதமாகிவிடும். ஆகவே வாங்கும்போது அனுமதிக்கப்பட்டதாக இருந்த பங்கு வீழ்ந்த பின்னரும் அவ்வாறே இருக்குமென்று கொள்ள முடியாது. இவ்வளவுகோல் மார்க்கப் பேணுதலுக்கென அமைந்ததாயினும், எந்தச் சமூகத்தவருக்கும் எச்சரிக்கை மணியாகப் பயன்படக் கூடியது.

"விலை மலிந்திருக்கிறது" என்று மேலும் வாங்குவோர் 2011ஆம் ஆண்டை நினைவில் கொள்ள வேண்டும். 2008 இறுதியில் சுமார் 1,500 புள்ளிகளாக இருந்த சுட்டெண், யுத்தம் முடிந்த பின் 2011 பெப்ரவரியில் 7,800ஐ நெருங்கியது. அக்காலத்தில் கடன் வாங்கிச் சிறிய கம்பனிகளின் பங்குகளில் பணத்தைக் கொட்டியோர் ஏராளம். பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு கட்டுப்பாடுகளை விதிக்க, அதன் தலைவர்களான இந்திராணி சுகததாஸ 2011 டிசம்பரிலும், திலக் கருணாரத்ன 2012 ஆகஸ்டிலும் அடுத்தடுத்துப் பதவி விலகும் அளவுக்கு நெருக்கடி முற்றியது. கைமாறக் கூடிய பங்குகள் சொற்பமாக உள்ள கம்பனியில் சிலர் சேர்ந்து விலையை ஏற்றிவிடுவது எளிது. ஏறிய விலைக்கு விற்க முனையும்போது வாங்குவதற்கு ஆள் இருக்க மாட்டார்.

டயகம போன்ற இடங்களின் மக்களுக்கு இங்கு ஓர் அனுகூலமும் ஓர் ஆபத்தும் உண்டு. டயகம கிழக்கு, மேற்குத் தோட்டங்கள் அக்கரப்பத்தனை பெருந்தோட்டக் கம்பனியைச் சேர்ந்தவை. பல தோட்டக் கம்பனிகள் 1990களிலேயே சந்தையில் இடம்பெற்றுவிட, இக்கம்பனி இந்தத் தசாப்தத்தில்தான் அங்கு வந்தது. எக்கம்பனியாயினும், கவ்வாத்து உரிய காலத்தில் நடக்கிறதா, எத்தனை மலைகள் பற்றைக்காடாகிவிட்டன, முதிர்ந்த செடிகளுக்குப் பதிலாகப் புதியவை நடப்படுகின்றனவா என்பதைக் கொழும்பிலுள்ள எந்த ஆய்வாளரையும்விட அங்கு வேலை செய்பவர் நன்கறிவார். தோட்டக் கம்பனிகளின் குத்தகைக் காலம் 2045ஆம் ஆண்டுடன் முடிவடையவுள்ளது. நட்டுப் பல ஆண்டுகள் பேணிய பின்னரே பயன் தரும் தேயிலையில் இனி யார் பணம் போடுவர் என்ற கேள்விக்கும் அம்மலைகளே விடை சொல்லும்.

ஆனால் ஆபத்து அதைவிடப் பெரிது. நாட்சம்பளம், சேமலாப நிதிக்கான மாதாந்தப் பங்களிப்பு, குடியிருக்கும் லயம் ஆகிய மூன்றும் ஒரே கம்பனியையே நம்பியிருக்கையில், சேமிப்பையும் அதன் பங்கிலேயே இடுவது நான்காவது பாரத்தையும் ஒரே கொம்பில் தொங்கவிடுவதாகும். கம்பனி தளர்ந்தால் வேலை நாட்கள் குறையும் அதே மாதத்தில் பங்கின் விலையும் குறையும். எனவே, இலவசமாகக் கிடைத்த பங்கை அதன் தரத்தை அறிந்து வைத்திருக்கலாம். கொழும்பிலிருப்பவர் ஆராய்ந்து அதே பங்கை வாங்குவதிலும் பிழையில்லை. தோட்டத்தையே நம்பி வாழும் குடும்பம் தன் சேமிப்பைக் கொண்டு அதை மேலும் வாங்குவது அவ்வாறன்று. விற்க வேண்டி வந்தாலும் வீடு தேடி வருபவரிடமன்றி, மத்திய வைப்புக் கணக்கின் ஊடாக அன்றைய சந்தை விலையை அறிந்தே விற்க வேண்டும்.

ஊழியர்களைப் பங்குதாரர்களாக்கிய அரசும் கம்பனிகளும் அதன் பொருளை அவர்களது மொழியில் விளக்கும் கடமையை இன்னும் நிறைவேற்றவில்லை. ஆண்டறிக்கையின் சாராம்சத்தைத் தமிழில் வழங்குவதும், பழைய பங்குப் பத்திரங்களை மத்திய வைப்புக்கு மாற்றிக் கொடுக்கும் நடமாடும் சேவையைத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்வதும் இயலாத காரியங்கள் அல்ல. சம்பளத்துக்காகக் குரலெழுப்பும் தொழிற்சங்கங்கள் இதனையும் தமது கோரிக்கைப் பட்டியலில் சேர்த்துக்கொள்வது அவசியமாகும்.