இரண்டு அளவுகோல்

கிளமெண்டி அடுக்குமாடி வீடானாலும், பால்மரத் தோட்டத்து லயமானாலும், தொலைக்காட்சியில் நகைச்சுவை ஓடினால் நம் வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை. அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இன்று ஒரு வார்த்தை.

2019 ஜூலையில் சிங்கப்பூரில் 'இ-பே' விளம்பரம் ஒன்று வந்தது. சீன நடிகர் டென்னிஸ் சியூ, முகத்தில் கறுப்புச் சாயம் பூசி, 'கே. முத்துசாமி' என்ற இந்தியராக நின்றார். நம் மனம் கொதித்தது, நியாயந்தான். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. விளம்பரம் குற்றமாகாது என்றார்கள் அதிகாரிகள். சீனரைக் கெட்ட வார்த்தையில் ஏசி எதிர்ப்பாட்டுப் பாடிய பிரீத்தி நாயர், சுபாஸ் நாயர் இருவருக்கும் 24 மாத நிபந்தனை எச்சரிக்கை கிடைத்தது. அளவுகோல் இரண்டா என்று கேட்டோம்.

சரி, நம் கையில் எத்தனை? 2007-இல் வந்த 'சிவாஜி' படத்தில் இரண்டு பெண்களுக்குக் கறுப்புச் சாயம் பூசி, பாரி மகளிரின் பெயரையும் சூட்டி, கேலிப்பொருளாக்கினார்கள். விழுந்து விழுந்து சிரித்தோமே!

வெயிலில் உழைத்துக் கறுத்த மேனிதான் நமக்குச் சோறு போட்டது. அதைக் கேலி செய்ய அயலாருக்கு உரிமை இல்லையென்றால், நமக்கும் இல்லை. பெற்ற பிள்ளையைக் "கறுப்பி" என்று கூப்பிட வாயெடுக்கும்போது, பெற்றோரே, அந்த முத்துசாமியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.