பிச்சி அரும்பு அவிழும் வேளை

இந்த வாரமும் நாளிதழ்களில் உதகமண்டலத்து உறைபனிப் படம் வெளிவந்திருக்கிறது. புல்வெளியின்மேல் வெண்மை படர்ந்திருக்க, கம்பளி போர்த்திய ஒருவர் அதன் நடுவே நிற்க, கீழே குளிர்காலம் பிறந்துவிட்டதென்று தடித்த எழுத்தில் அறிவிக்கும் அந்தப் படத்தின்மேல் எனக்கு வருஷந்தோறும் மனத்தாங்கல் உண்டென்பதை இப்பத்தியை விடாது படித்துவரும் அன்பர்கள் அறிவார்கள். உறைபனியோடு எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. மழை ஓய்ந்து வானம் நிர்மலமாயிருக்கும் இரவுகளில், பகலெல்லாம் மண் வாங்கிவைத்த வெப்பம் தடையின்றி மேலே போய்விட, கனத்த குளிர்காற்று சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தேங்கி, விடியற்காலையில் புல்லின் நுனியில் வெண்பூப் பூக்கச் செய்கிறது. அதே விடியலில் பள்ளத்துத் தேயிலைத் துளிர் கருகிப்போவதையும், அதை நம்பிய சிறு விவசாயி செய்வதறியாது நிற்பதையும் படத்துக்குக் கீழே இரண்டு வரியாவது எழுதியிருக்கலாம். அது ஒருபுறம் இருக்கட்டும். ருது மாறும் செய்தியை ஏழாயிரம் அடி உயரத்திலிருந்து வரவழைத்துக்கொள்ளும் நாம், அதே செய்தி நம் வேலியோரத்தில் நாள்தோறும் வெளியாவதைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லையே என்பதுதான் என் வருத்தம்.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி என்று நம் முன்னோர் வகுத்தார்கள். கூதிர் கழிந்து முன்பனி புகும் இந்தச் சந்தியில் வேலிக்காலில் நிற்கும் செங்காந்தளை ஒரு வாரம் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு வேறு பஞ்சாங்கம் வேண்டியதில்லை. இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி முள்ளைப் பிடித்து ஏறும் அந்தக் கொடியில், மொட்டு முதலில் பச்சையாய்த் தலைகவிழ்ந்து தொங்கும். பிறகு நெளிந்த ஓரமுடைய ஆறு இதழ்களும் பின்புறமாக மடங்கி மேல்நோக்கி எழ, அடிப்பாகம் மஞ்சளும் நுனி சிவப்புமாய் நின்று, நாளாக ஆக மஞ்சளும் சிவப்புக்குள் அடங்கி, முழுப் பூவும் தீக்கொழுந்தாய் எரியும். மகரந்தக் கேசரங்கள் ஆறும் சுற்றிலும் விரிந்து நிற்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே ஒரு பக்கமாகச் செங்கோணத்தில் ஒடிந்தாற்போல் வளைந்திருக்கும். குனிந்து பார்த்தாலொழிய இது புலப்படாது. இப்போது கீழ்க்கணுக்களில் காய் முற்றத் தொடங்கிவிட்டது. தை பிறந்தபின் காய் வெடித்துச் செவ்விதைகள் தெரியும். கொடி மஞ்சளித்துச் சாயும். கலப்பை வடிவான கிழங்கு மட்டும் அடுத்த மழைவரை மண்ணுக்குள் உறங்கும். அந்தக் கிழங்கு கொடிய விஷம் என்பதால் குழந்தைகளைத் தொடவிடலாகாது. கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் மூலனூர்ப் பக்கத்து உழவர்கள் மருந்துக்கான விதைக்காக இதைப் பந்தலிட்டு வளர்க்கிறார்கள்.

வீட்டுத் தோட்டத்திலும் மாற்றங்கள் உண்டு. மல்லிகை குளிருக்கு ஒடுங்கிப் பூப்பதைக் குறைத்துக்கொள்ள, இரவு நீள்வதை அளந்தறியும் சாமந்தி மொட்டுக் கட்டுகிறது. மணமில்லாத டிசம்பர் பூ ஊதா நிறத்தில் மலர்ந்து பெண்டிர் கூந்தலில் ஏறுகிறது. பூசணிக்கொடி மார்கழிக் கோலத்துக்குப் பூ எடுத்துவைத்துக் காத்திருக்கிறது.

இவற்றையெல்லாம் எழுத உட்காரும்போதே என் மனம் நெடுநல்வாடைக்குப் போய்விடுகிறது. பத்துப்பாட்டில் ஏழாவதாக நிற்கும் 188 அடிப் பாட்டு அது, உ. வே. சாமிநாதையர் 1889-ல் நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டுத் தந்த செல்வங்களுள் ஒன்று. போர்ப் பாசறையிலுள்ள அரசனையும், அரண்மனையில் அவனைப் பிரிந்து வாடும் அரசியையும் பற்றிப் பாடவந்த நக்கீரர், அவர்களிடம் போவதற்கு முன்னால் கூதிர்காலத்து ஊரையும் காட்டையும் நமக்கு முழுமையாகக் காட்டிவிடுகிறார். வெள்ளத்தை வெறுத்து மந்தையை மேட்டு நிலத்துக்கு ஓட்டிப்போன இடையர் கொள்ளித் தீயில் குளிர்காய்ந்தும் நடுங்குகிறார்கள். கறவைப்பசு பாலுண்ண வரும் கன்றை உதைக்கிறது. புதர்தோறும் வெள்ளை முசுண்டையும் பொன்னிறப் பீர்க்கும் பூக்கின்றன. ஆண்புறா தன் பெடையோடு இரைதேடப் போகாமல், இரவென்றும் பகலென்றும் அறியாது மயங்கி, வீட்டின் கூரையோரத்தில் காலை மாற்றி மாற்றி வைத்து நிற்கிறது. சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. விசிறி மூலையில் தொங்குகிறது.

இத்தனைக்கும் நடுவே ஒரு செய்தி வருகிறது. மேகம் மூடிச் சூரியனே தெரியாத நாளில், அந்த ஊர்ப் பெண்கள் பூந்தட்டில் இட்டுவைத்த பிச்சி அரும்புகள் இதழ் விரிந்து மணக்கக் கண்டு, மாலை வந்துவிட்டதென்று அறிந்து, இரும்பு விளக்கின் நெய்த்திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவித் தொழுகிறார்கள். எங்கள் கொல்லையில் ஒரு பிச்சிக்கொடி இருக்கிறது. வெளிப்புறம் இளஞ்சிவப்பு ஓடிய அதன் அரும்புகளைப் பறித்துத் தட்டில் வைத்து, மழை மூடிய ஒரு நாளில் அருகிலேயே அமர்ந்திருந்தேன். முறுக்கு ஒவ்வொன்றாக இளகி, இதழ் பிரிந்து, அறை முழுதும் மணம் பரவியபோது தெருவில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. நக்கீரர் கற்பனையாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது அன்று எனக்குப் பிரத்தியட்சமாயிற்று.

இதே பாட்டில், நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் காணச் செல்லும் அரசனுக்கு முன்னே ஒருவன் ஏந்திச் செல்லும் வேலில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனது அடையாளமாதலால், தலைவன் இன்னானெனச் சுட்டிவிடும் இப்பாட்டை அகமெனக் கொள்ளலாகாது, புறமே என்று நச்சினார்க்கினியர் தீர்ப்பளித்தார். பிரிவுத் துயரமே உயிராக அமைந்த ஒரு பாட்டின் திணையை ஒரு கொத்துத் தழை நிர்ணயித்தது என்றால், பண்டைப் புலவரும் உரைகாரரும் செடிகொடிகளை எத்தனை சிரத்தையோடு கவனித்தவர்கள் என்பது விளங்கும். அந்தத் தீர்ப்பில் எனக்குச் சம்மதமில்லை. அரசியின் கண்ணீர் வேப்பந்தழையைவிடக் கனமானது என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் அப்படி ஒரு வழக்கு எழுந்ததில் எனக்கு அளவற்ற சந்தோஷம்.

நெடுநல்வாடையை இதுவரை படிக்காத வாசகர்கள், உரை கடினமென்று அஞ்சாமல், அரண்மனை வருணனை தொடங்குவதற்கு முன்னுள்ள முதல் எழுபது அடிகளையாவது மார்கழி பிறப்பதற்குள் படித்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். கொல்லையில் ஓரடி நிலம் உள்ளவர்கள் ஒரு பிச்சிப் பதியனும் வையுங்கள்.