பதில் வராத தபால்

இன்றைய கார்களில் ஆக்சிலேட்டர் கேபிள் கிடையாது. கட்டளை மின்சாரமாய்ப் போகிறது. இஞ்சின் கம்ப்யூட்டருக்கும் திராட்டிலுக்கும் பேச்சு நின்றால் ஸ்கேனரில் 'யு0107' விழும், வண்டி ஊரும். உடனே, "திராட்டில் பாடியையே மாத்திடலாம் சார்" என்பார்கள்.

நான் ஒப்பமாட்டேன். தபால் பிரிவில் இருந்தவன் சொல்கிறேன்: ஓர் இலாகாவிலிருந்து பதில் வராவிட்டால் அங்கே ஆளே இல்லை என்று அர்த்தமில்லை, கடிதம் வழியில் தங்கியிருக்கலாம். அந்த எண்ணும் பதில் வரவில்லை என்றுதான் சொல்கிறது, காரணம் சொல்லவில்லை.

முதலில் பேட்டரி: இஞ்சின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட். பிறகு ஃபியூஸ், எர்த், கனெக்டரில் பச்சைக் களிம்பு. புதுச்சேரி உப்புக்காற்றுக்கு அது சீக்கிரம் பிடிக்கும். பேட்டரியைக் கழற்றி, கேன் ஒயர் இரண்டுக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் வரவேண்டும். 120 வந்தால் ஒயர் எங்கோ அறுந்திருக்கலாம்.

இதற்கு ஒரு மல்டிமீட்டரும் பொறுமையும் போதும். பென்ஷன் பணத்தை எடுக்குமுன், "இதெல்லாம் பார்த்தாயிற்றா?" என்று கேளுங்கள்.