கைக்கடங்கும் பாய்க்கப்பல்

உலகைச் சுற்றிவந்த பிரான்சிஸ் டிரேக்கின் 'கோல்டன் ஹைண்ட்' கப்பலைச் சிறு பிளாஸ்டிக் பாகங்களாக்கி, 1952ஆம் ஆண்டில் எயார்ஃபிக்ஸ் நிறுவனத்தார் வெளியிட்டனர். இங்கிலாந்தின் வூல்வர்த் கடைகளில் அதன் விலை இரண்டு சிலிங்.

அத்தகைய பழைய பொதி எவர் வீட்டு அலுமாரியிலேனும் அகப்பட்டால் அவசரப்படலாகாது. நாட்பட்ட பிளாஸ்டிக் எளிதில் முறியும். முறிந்த பாய்மரத்துக்கு மாற்றுத் தேடுவது அரிது. ஆதலின் பாகங்களைத் திருகிப் பிய்க்காது, கத்தியால் அறுத்தெடுங்கள். கத்தி பெரியோர் கையில் இருக்கட்டும். நூல் கோக்கப் பிள்ளைகளின் கண்ணே நன்று. சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்திய பின் வர்ணம் பூசுக.

கப்பலின் உடல் ஒரு மாலையில் முடிந்துவிடும். கயிறுகளே உண்மையான சோதனை. தையல் நூலை மெழுகில் இழுத்துப் பிசிரை அடக்கிக்கொள்ளுங்கள். பாய்மரங்களைத் தாங்கும் கயிறுகள் முதலில். பாய்களை இயக்குவன பின்னர். ஒரு பக்கம் கட்டியதும் மறுபக்கமும் கட்டிவிடுக. இழுவை மிகுந்தால் மரம் சாயும். சற்றே தளர்ந்த நூலை எவரும் குறைகூறார்.