கம்பி வந்தால் போதுமா?



தென்னகத்தின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ஆவடி வழியாகச் செல்லும் நமது பாதைதான் அது! ஆனால் மின்சார ரயில் முதலில் எங்கே ஓடியது? 1931-ல், கடற்கரை - தாம்பரம் மார்க்கத்தில். சென்ட்ரல் - திருவள்ளூர் பாதைக்கு மின்சாரம் வந்தது 1979 நவம்பரில்தான். இடைவெளி 48 ஆண்டுகள்!

இத்தனைக்கும் 1960-களிலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கி தொழிற்சாலையும் உருவாகிவிட்டன. உழைக்கும் மக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மின்சார ரயில்தான் இல்லை.

புகை போய்விட்டது என்பது மட்டுமா மின்சாரத்தின் பயன்? டீசல் ரயிலை ஒரு என்ஜின் இழுக்கிறது. கடைசி நிலையத்தில் அதைக் கழற்றி, மறுமுனையில் மாட்ட வேண்டும். மின்சார ரயிலிலோ பல பெட்டிகளின் அடியில் மோட்டார்கள். இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை. நின்ற இடத்திலிருந்து சட்டென வேகமெடுக்கும். வந்த வழியே உடனே திரும்பும். அதனால் அடுத்தடுத்து ரயில் விட முடிகிறது. ஆக, கம்பியின் முழுப் பயன் ரயில்களின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது!

எண்ணிப் பாருங்கள். காலை வேளையில் படியில் தொங்கிச் செல்பவர் யார்? இரண்டாம் ஷிப்டு முடிந்து இரவில் நடைமேடையில் காத்துக் கிடப்பவர் யார்? நம் வீட்டுப் பிள்ளைகள்தாமே! 25,000 வோல்ட் மின்சாரம் தலைக்கு மேலே ஓடுகிறது. கீழே ரயிலுக்காகக் காத்திருக்கிறோம்.

பூந்தமல்லி மக்களுக்குப் புறநகர் ரயில் நிலையமே கிடையாது. கலங்கரை விளக்கம் வரையிலான மெட்ரோ திட்டத்தை வரவேற்கிறோம். ஆனால் ஆவடிக்கோ அம்பத்தூருக்கோ வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு அது வழியாகுமா? புறநகர் ரயில் சீசன் டிக்கெட்டுக்கு அது ஈடாகுமா?

எனவே நாம் கேட்பது மூன்று. காலையிலும் இரவிலும் கூடுதல் ரயில்கள் வேண்டும். ஷிப்டு நேரத்தையொட்டி அட்டவணை வேண்டும். பூந்தமல்லியிலிருந்து ஆவடி, அம்பத்தூர் நிலையங்களுக்கு ரயில் நேரத்தோடு பொருந்தும் இணைப்புப் பேருந்துகள் வேண்டும்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். 48 ஆண்டுகள் காத்திருந்த கதை மீண்டும் வேண்டாம். உங்கள் தெருவில், தொழிற்சாலையில், சாதி மத பேதமின்றிக் கையெழுத்துத் திரட்டுங்கள். ரயில்வே கோட்ட மேலாளருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் மனு அனுப்புங்கள். இது சலுகையல்ல, டிக்கெட் வாங்கிப் பயணம் செய்யும் மக்களின் உரிமை!